வயிற்றுக் கிருமியின் டிஎன்ஏ: பழுதும் பரிமாற்றமும்

வயிற்றுப் புண் என்றால் காரம், கவலை, நேரத்துக்குச் சாப்பிடாதது என்று மூன்று காரணங்களைத்தான் நம் வீடுகளில் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1980-கள் வரை மருத்துவர்களும் ஏறக்குறைய அதையேதான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் குலைத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தைச் சேர்ந்த ராபின் வாரனும் பேரி மார்ஷலும். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளிலிருந்து, சுருள் வடிவ பாக்டீரியா ஒன்றை 1982-இல் அவர்கள் வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி.

உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் வயிற்றில் இது குடியிருந்து வந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. ஒரு பகுதியினருக்குப் புண் வருகிறது. சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய்வரை போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகையில் சேர்த்துவிட்டது.

இவ்வளவும் பலரும் அறிந்த செய்திதான். அதற்கு அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்துக்குள்ளேயே தொற்றுகிறது. மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. அத்தனை ஆண்டுகளும் உடல் அதை எதிர்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தாக்குதலில் சேதமாகும் டிஎன்ஏவை அது எப்படிச் சரிசெய்துகொள்கிறது? இதற்கான விடையில் ஒரு வியப்பு இருக்கிறது. எந்த ஏற்பாட்டைக் கொண்டு தன்னைப் பழுதுபார்க்கிறதோ, அதே ஏற்பாட்டைக் கொண்டுதான் அது தன்னை மாற்றியும் கொள்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் ஹெலிகோபாக்டர் புரியாது என்பது என் திடமான எண்ணம்.

அமிலம் அல்ல, ஆக்சிஜன்

வயிற்றுக் கிருமி என்றதும் அமிலத்தில் எப்படிப் பிழைக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அந்தச் சிக்கலை அது நன்றாகவே தீர்த்து வைத்திருக்கிறது. யூரியேஸ் என்ற நொதியைப் பெருமளவில் தயாரித்து, யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. பிறகு வாலிழைகளால் நீந்தி, இரைப்பைச் சுவரை மூடியிருக்கும் கோழைப் படலத்துக்குள் புகுந்துவிடுகிறது. அங்கே அமிலத்தின் கடுமை குறைவு.

உண்மையான ஆபத்து சுவருக்கு மறுபக்கத்திலிருந்து வருகிறது. கிருமியை அறிந்ததும் நம் வெள்ளையணுக்கள் அந்த இடத்தில் வந்து குவிகின்றன. அவை சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க ஆக்சிஜன் சேர்மங்களை வெளியிடுகின்றன. கிருமியின் புரதங்களையும் சவ்வையும் மட்டுமின்றி டிஎன்ஏவையும் இவை சேதப்படுத்துகின்றன.

டிஎன்ஏ என்பது இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிய நீண்ட மூலக்கூறு. ஒவ்வோர் இழையிலும் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என நான்கு வேதி எழுத்துகள் வரிசையாக அமைந்திருக்கும். அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின் என்பது விதி. அதனால் ஓர் இழையைப் பார்த்தே மற்றதை எழுதிவிடலாம். ஹெலிகோபாக்டரிடம் இத்தகைய எழுத்து இணைகள் சுமார் 16 லட்சத்து 70 ஆயிரம் இருக்கின்றன. பெருங்குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவிடம் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாக்கும் சேதங்களில் இரண்டைப் பார்ப்போம். முதலாவது, ஓர் எழுத்தின் வேதி அமைப்பு மாறுவது. குவானைனுடன் ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால் அது 8-ஆக்சோகுவானைன் ஆகிவிடும். இது சைட்டோசினுக்குப் பதிலாக அடினைனுடனும் இணையக்கூடியது. கவனிக்காமல் விட்டால், பிரதி எடுக்கும்போது தவறான எழுத்து நிலைத்துவிடும். இரண்டாவது இதைவிடக் கொடியது. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவது. ஓர் இழை மட்டும் அறுந்தால் எதிர் இழை வழிகாட்டும். இரண்டும் அறுந்தால் வழிகாட்ட அந்த மூலக்கூறில் எதுவும் இல்லை. சரிசெய்யப்படாத ஒரே ஓர் இரட்டை இழை முறிவு போதும், பாக்டீரியா மடிந்துவிடும்.

இல்லாத கருவிகள்

1997-இல் இந்தக் கிருமியின் மரபுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டபோது, அதில் இல்லாதவைதான் ஆராய்ச்சியாளர்களை அதிகம் யோசிக்க வைத்தன.

பிரதி எடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் தேடித் திருத்தும் ஏற்பாடு ஈ.கோலை உட்படப் பல பாக்டீரியாக்களிடம் உண்டு. புதிய இழையில் பொருந்தாத எழுத்தைக் கண்டால், அந்தப் பகுதியை வெட்டியெறிந்து மீண்டும் எழுதும் ஏற்பாடு அது. ஈ.கோலையில் அதைச் செயலிழக்கச் செய்தால் பிழைகள் நூறு மடங்கு அளவுக்குப் பெருகிவிடும். ஹெலிகோபாக்டரிடம் அந்த வகைத் திருத்த ஏற்பாடு இல்லை. பெயரளவில் உறவுள்ள மியூட்-எஸ்2 என்ற புரதம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஆக்சிஜனால் சேதமான டிஎன்ஏவைக் கையாள்வதிலும், ஒத்த டிஎன்ஏக்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிச் சேர்த்துக்கொள்ளும் மறுசேர்க்கையைக் கட்டுக்குள் வைப்பதிலும் ஈடுபடுகிறதே தவிர, எழுத்துப் பிழை திருத்துவதில்லை.

டிஎன்ஏ சேதம் மிகுந்தால் ஈ.கோலை ஓர் அவசரநிலையை அறிவிக்கும். அதன் பெயர் எஸ்ஓஎஸ். வழக்கமாக லெக்ஸ்-ஏ என்ற புரதம் பூட்டி வைத்திருக்கும் பல மரபணுக்கள் அப்போது திறக்கப்படும். சேதமான இடத்தைக்கூடத் தாண்டி எப்படியாவது பிரதி எடுத்துவிடும் தனி நொதிகளும் களமிறங்கும். ஹெலிகோபாக்டரிடம் லெக்ஸ்-ஏவும் இல்லை, அத்தகைய அவசரகால நொதிகளும் இல்லை.

ஆக, பிழைதிருத்தம் இல்லாமலும் அவசரநிலை இல்லாமலும் உடலின் இடைவிடாத தாக்குதலுக்கு நடுவே வாழ்கிறது இந்தக் கிருமி. இதைப் படிக்கும்போது, பாவம் அரைகுறைக் கிருமி என்று தோன்றலாம். அப்படி நினைப்பது தவறு. அது தன் பாரத்தையெல்லாம் வேறோர் ஏற்பாட்டின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. அதுதான் மறுசேர்க்கை.

முறிவைச் சேர்ப்பது எப்படி

ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். ஓர் ஏட்டில் செல்லரித்து நாலு வரி போய்விட்டால், அதே நூலின் இன்னொரு பிரதியைத் தேடிப் பிடிப்பார்கள். இரண்டிலும் ஒத்துவரும் வரிகளை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, விட்டுப்போன வரிகளை அந்தப் பிரதியிலிருந்து எழுதிச் சேர்ப்பார்கள். இரண்டாவது பிரதி அச்சு அசலாக ஒத்திருந்தால் பழைய பாடமே திரும்பக் கிடைக்கும். அதில் பாடபேதம் இருந்தால், செப்பனிட்ட ஏட்டில் அந்தப் பேதமும் ஏறிவிடும். மறுசேர்க்கையில் நடப்பது இதுவேதான். பழுதுபார்ப்பும் மாற்றமும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள் என்று நான் சொன்னதற்குக் காரணமும் இதுதான்.

ஹெலிகோபாக்டரில் ஓர் இரட்டை இழை முறிவு எப்படிச் சேர்க்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம்.

அறுந்த முனையை முதலில் பிடிப்பது ஆட்-ஏபி என்ற நொதிக் கூட்டு. இழைகளைப் பிரிப்பது, அரிப்பது என்ற இரண்டு வேலைகளையும் அது செய்கிறது. முனையிலிருந்து உள்நோக்கி நகர்ந்துகொண்டே இரண்டு இழைகளையும் விலக்குகிறது. கூடவே வெட்டிக்கொண்டும் போகிறது. முடிவில் ஓர் இழை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். கிருமி தன் டிஎன்ஏவைத் தானே இன்னும் கொஞ்சம் அழிப்பதுபோலத் தெரிந்தாலும், இந்த ஒற்றை இழை இல்லாமல் அடுத்த கட்டம் நடக்காது.

அடுத்து வருவது ரெக்-ஏ. மறுசேர்க்கைக்கு உயிர்நாடி என்று ஒரு புரதத்தைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். நூற்றுக்கணக்கான ரெக்-ஏ மூலக்கூறுகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழையின் மேல் வரிசையாக ஏறிப் படிகின்றன. அப்படிப் படிந்த இழை, செல்லுக்குள் இருக்கும் மற்றொரு டிஎன்ஏ பிரதியை ஆங்காங்கே தொட்டுத் தொட்டுத் தன் எழுத்து வரிசைக்கு ஒத்த இடத்தைத் தேடுகிறது. பாக்டீரியா பிளவுறுவதற்கு முன் டிஎன்ஏவைப் பிரதி எடுப்பதால், இன்னொரு பிரதி பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். ஒத்த இடம் கிடைத்ததும் ஒற்றை இழை அந்த இரட்டை இழைக்குள் நுழைந்து, தன் ஜோடியுடன் இணைந்துகொள்கிறது. அதைப் பார்த்து, இழந்த எழுத்துகளை டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற பிரதி எடுக்கும் நொதி எழுதத் தொடங்குகிறது.

இந்தக் கட்டத்தில் இரண்டு டிஎன்ஏ மூலக்கூறுகளும் சிலுவை வடிவில் பின்னிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட சந்திப்பு உண்டாகும் என்று 1964-இல் முன்கூட்டியே சொன்னவர் பிரிட்டிஷ் அறிஞர் ராபின் ஹாலிடே. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தச் சந்திப்பை நகர்த்தும் நொதியும் சரியான இடத்தில் வெட்டிப் பிரிக்கும் ரூவ்-சி என்ற நொதியும் தங்கள் வேலையை முடித்தபின், இடைவெளிகள் ஒட்டப்படுகின்றன. முறிவு இருந்த சுவடே தெரியாது.

முழு முறிவாக இல்லாமல் ஓர் இழையில் மட்டும் இடைவெளி விழுந்தால், ஆட்-ஏபிக்குப் பதில் ரெக்-ஓ, ரெக்-ஆர் என்ற இரண்டு புரதங்கள் ரெக்-ஏவை அங்கே ஏற்றிவிடும். அதற்குப் பிந்திய கதை ஒன்றுதான்.

இந்த ஏற்பாடு கிருமிக்கு எவ்வளவு அவசியம் என்பதை அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் 2008-இல் எலிகளை வைத்துக் காட்டினார்கள். ஆட்-ஏபி இல்லாத கிருமிகளும் ரெக்-ஏ இல்லாத கிருமிகளும் எலியின் இரைப்பையில் நிலைகொள்ளத் திணறின. மறுசேர்க்கைதான் இரைப்பையில் அதன் பிழைப்பு.

வெளியிலிருந்து வரும் பிரதி

இதுவரை பார்த்தது ஒரே செல்லுக்குள் நடப்பது. செல்லில் உள்ள இன்னொரு பிரதியைப் பார்த்து எழுதினால் புதிதாக எதுவும் வராது. ஆனால் ஹெலிகோபாக்டர் வெளியில் மிதக்கும் டிஎன்ஏவையும் இழுத்து உள்ளே எடுத்துக்கொள்ளும். பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு இந்தத் திறன் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டுமே வரும். இதற்கோ அது இயல்பிலேயே உண்டு.

உள்ளே எடுப்பது இரண்டு படிகளில் நடக்கிறது. வெளிச்சவ்வைத் தாண்டி டிஎன்ஏவை இழுப்பது காம்-பி என்ற புரதத் தொகுதி. பொதுவாக மற்ற பாக்டீரியாக்கள் இந்த வேலைக்கு மெல்லிய மயிரிழை போன்ற உறுப்பைப் பயன்படுத்தும். ஹெலிகோபாக்டரோ, பொருள்களைச் செல்லுக்கு வெளியே செலுத்துவதற்கென்று பரிணமித்த ஒரு வகைப் பொறியமைப்பை உள்ளே இழுக்கப் பயன்படுத்துகிறது. (பரிணாமம் பழைய பொருளைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொள்ளும் விதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.) இரண்டாவது படியில் உள்சவ்விலிருக்கும் காம்-இசி என்ற வழியாக ஓர் இழை மட்டும் செல்லுக்குள் போகிறது. ஏற்கெனவே ஒற்றை இழையாக வருவதால் ஆட்-ஏபிக்கு இங்கே வேலை இல்லை. ரெக்-ஏ நேராக ஏறிக்கொண்டு, ஒத்த இடத்தைத் தேடிச் சென்று, பழைய எழுத்துகளுக்குப் பதிலாக இவற்றைப் பதித்துவிடுகிறது.

வந்த டிஎன்ஏ முழுவதும் அப்படியே சேர்ந்துவிடாது. அயல் டிஎன்ஏவை வெட்டித் துண்டாக்கும் நொதிகள் இந்தக் கிருமியிடம் ஏராளம். அதனால் பெரும்பாலும் சில நூறு எழுத்துகள் கொண்ட துண்டுகளே இடம்பிடிக்கின்றன. ஒரு மரபணுவின் நடுவில் மட்டும் சிறு பகுதி வேறொரு வம்சத்துடையதாக இருப்பது இதில் சாதாரணம்.

பழுதும் பரிமாற்றமும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்தவை என்பது 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெளிவாயிற்று. அதே சியாட்டில் குழுவினர் கிருமியின் டிஎன்ஏவைச் சிப்ரோஃப்ளாக்சசின் மருந்தால் சேதப்படுத்திப் பார்த்தார்கள். எஸ்ஓஎஸ் இல்லாத இந்தக் கிருமி சும்மா இருந்துவிடவில்லை. டிஎன்ஏவை உள்ளே இழுக்கும் மரபணுக்களை முடுக்கிவிட்டது. அத்துடன், லைசோசைம் போன்ற ஒரு புரதத்தையும் கூடுதலாகத் தயாரித்தது. அந்தப் புரதம் பக்கத்திலிருக்கும் கிருமிகளில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவற்றின் செல்சுவரைக் கரைக்கிறது. அவை உடைந்தால் அவற்றின் டிஎன்ஏ வெளியே கொட்டும். தன் டிஎன்ஏ பழுதாகும்போது அண்டைச் செல்லை உடைத்து அதன் டிஎன்ஏவை எடுத்துக்கொள்ள ஆயத்தமாகும் கிருமி இது. ஈ.கோலையின் அவசரநிலைப் பாடத்தை மட்டும் படித்துவிட்டு, எல்லா பாக்டீரியாக்களும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இரைப்பைக்குள் விளைவு

பிழைதிருத்தம் இல்லாததால் திடீர்மாற்றங்கள் மிகுதி, மறுசேர்க்கையும் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? தொடர்பில்லாத இருவரிடமிருந்து ஹெலிகோபாக்டரை எடுத்து ஒரே மரபணுவை ஒப்பிட்டால், எழுத்து வரிசை ஏறக்குறைய எப்போதும் வேறுபட்டே இருக்கும். 1999-இல், பிரிட்டனில் ஒரு நோயாளியிடமிருந்தும் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடமிருந்தும் எடுத்த இரண்டு வகைகளின் முழு மரபுத்தொகுதிகளையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீத மரபணுக்கள் மற்றதில் இல்லவே இல்லை.

மாற்றம் ஒரே கிருமிக்குள்ளும் நடக்கும். பாப்-ஏ என்ற புரதத்தால்தான் கிருமி இரைப்பைச் செல்களின் மேலுள்ள ஒரு சர்க்கரை அமைப்பைப் பற்றிக்கொள்கிறது. அதற்கு மிக நெருங்கிய சாயலில் பாப்-பி என்று இன்னொரு மரபணுவும் உண்டு. ரீசஸ் குரங்குகளுக்குத் தொற்றை உண்டாக்கிச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, சில கிருமிகளில் பாப்-ஏ இருந்த இடத்தில் பாப்-பியின் பிரதி உட்கார்ந்திருந்தது. 2004-இல் வெளிவந்த முடிவு இது. சாயல் ஒத்த இரண்டு மரபணுக்களுக்கு நடுவே நடந்த மறுசேர்க்கைதான் காரணம். ஒட்டிக்கொள்ளும் திறனைக் கிருமி கைவிட்டது. தேவைப்படும்போது ஒட்டிக்கொள்ளவும், வெள்ளையணுக்களின் நெருக்கடி அதிகமானால் விட்டு விலகவும் இப்படிப்பட்ட மாற்றங்கள் இடம்கொடுக்கின்றன.

நோயாளிக்கு நேரடியாகப் படும் விளைவு மருந்து எதிர்ப்பு. ஹெலிகோபாக்டருக்கான சிகிச்சையில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன் இரண்டு அல்லது மூன்று ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்து, பொதுவாக 14 நாட்கள் கொடுப்பார்கள். அவற்றில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது கிளாரித்ரோமைசின். புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஒரு பகுதியான ஆர்என்ஏவுக்குரிய மரபணு ஒன்றில் ஓர் அடினைன் குவானைனாக மாறினால் போதும், அந்த மருந்து பலிக்காது. 16 லட்சத்து 70 ஆயிரத்தில் ஒரே ஓர் எழுத்து. இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமிகளில் பெரும்பாலும் இரண்டிலும் அதே மாற்றம் காணப்படுகிறது. எதிர்ப்புள்ள கிருமியின் டிஎன்ஏவை எதிர்ப்பில்லாத கிருமியுடன் ஆய்வகத்தில் கலந்து வைத்தால், சிலவற்றுக்கு எதிர்ப்பு வந்துவிடுகிறது. ஒரே வயிற்றில் இரண்டு வகைக் கிருமிகள் சேர்ந்து வாழ்வதும் உண்டு என்பதால் இது ஆய்வகத்தோடு நிற்கும் சமாச்சாரம் இல்லை. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம், புதிய மருந்துகள் அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் கிளாரித்ரோமைசினுக்கு மசியாத ஹெலிகோபாக்டரையும் சேர்த்தது.

மற்ற மருந்துகளில் மெட்ரோனிடசோல் கிருமிக்குள் போய் வேதிமாற்றம் அடைந்து டிஎன்ஏவையே தாக்குகிறது. லீவோஃப்ளாக்சசினால் டிஎன்ஏவில் இரட்டை இழை முறிவுகள் உண்டாகின்றன. ஆக, கிருமியைக் கொல்ல நாம் பயன்படுத்தும் சில மருந்துகளும் அதன் பழுதுபார்க்கும் ஏற்பாட்டோடுதான் நேருக்கு நேர் மோதுகின்றன. அந்த ஏற்பாட்டையே முடக்கினால் என்ன என்ற எண்ணம் ஆய்வாளர்களுக்கு இயல்பாகவே வந்தது. ஆட்-ஏபியைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகளை அவர்கள் ஆய்வகத்தில் கண்டறிந்திருக்கிறார்கள். கிருமியை நேராகக் கொல்வதைவிட, வெள்ளையணுக்களின் தாக்குதலிலிருந்து அது மீள முடியாமல் செய்யும் இந்த வழி எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிறது.

ஆயிரமாண்டுக் கலப்பு

குடும்பத்துக்குள் தலைமுறை தலைமுறையாகத் தொற்றுவதாலும், சந்திக்கும் வேறு வகைகளோடு டிஎன்ஏவைக் கலந்துகொள்வதாலும், ஹெலிகோபாக்டரின் எழுத்து வரிசையில் மனிதர்களின் இடப்பெயர்ச்சி பதிந்திருக்கிறது. மனிதர்கள் சுமார் 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து பரவியபோது இந்தக் கிருமியும் கூடவே வந்தது என்று 2007-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

இன்றைய ஐரோப்பியர்களின் ஹெலிகோபாக்டர் ஒரு கலப்பு. அதில் ஆசிய வம்சத்தின் துண்டுகளும் ஆப்பிரிக்க வம்சத்தின் துண்டுகளும் மறுசேர்க்கையால் பின்னிக் கிடக்கின்றன. இந்தக் கலப்பு எப்போது நடந்தது? ஆல்ப்ஸ் மலையில் 1991-இல் உறைபனியிலிருந்து மீட்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகள் பழமையான ஊட்சி என்ற மனிதரின் வயிற்றில் அதற்கு ஒரு துப்புக் கிடைத்தது. 2016-இல் அவருடைய ஹெலிகோபாக்டரின் மரபுத்தொகுதியை வாசித்தபோது, அது இன்று மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் காணப்படும் வகையைப் பெரிதும் ஒத்திருந்தது. ஆப்பிரிக்கக் கலப்பு அதில் மிகமிகக் குறைவு. எனவே, அந்தக் கலப்பின் பெரும்பகுதி அவர் காலத்துக்குப் பிறகே ஐரோப்பாவில் நடந்திருக்க வேண்டும்.

மலேசியாவில் கிடைத்த முடிவு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கு மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று சமூகத்தாரின் கிருமிகளையும் ஒப்பிட்டு 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. மலேசிய இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர். அவர்களின் ஹெலிகோபாக்டர் எதிர்பார்த்தபடியே இந்திய வகையாக இருந்தது. மலாய்க்காரர்களிடம் இந்தத் தொற்றே குறைவு. தொற்று இருந்தவர்களின் கிருமிகளை ஆராய்ந்தால், அவற்றிலும் பெரும்பாலானவை அதே இந்திய வகை. மலாய்க்காரர்களுக்கு இந்தக் கிருமி அண்மைக் காலத்தில், பெரும்பாலும் இந்தியச் சமூகத்தாரிடமிருந்து வந்து சேர்ந்தது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.